31 ஆண்டுக்குப் போதுமான லிப்ஸ்டிக்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இழுப்பறை திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. உள்ளே ஏதோ குறுக்கே மாட்டியிருந்தது. ஸ்கேலை விட்டு நெம்பித் திறந்து, இருந்ததையெல்லாம் பழைய செய்தித்தாள் மேல் கொட்டினேன். மாட்டியிருந்தது ஒரு ஹேர் சீரம் பாட்டில். அதே ஹேர் சீரம் இன்னொன்று, சீல்கூடப் பிரிக்காமல், பின்னால் கிடந்தது. அதையாவது விடலாம். லிப்ஸ்டிக்குகளை எண்ணினேன்: 14. அதில் நான்கு கிட்டத்தட்ட ஒரே நிறம், பெயர்தான் வேறு வேறு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் எது எதுவென்று எனக்கே பிடிபடவில்லை.

எண்ணியதோடு விட்டிருக்கலாம். கணக்குப் போட்டதுதான் வினை. வழக்கமான குச்சி லிப்ஸ்டிக் ஒன்றில் 3.5 கிராம் அளவுக்கு இருக்கும். ஒருமுறை பூசினால் உதட்டில் ஏறுவது சராசரியாக 10 மில்லிகிராம். ஆக, ஒரு லிப்ஸ்டிக் 350 முறைக்கு வரும். பதினான்கு என்றால் 4,900 முறை. நான் வாரத்தில் மூன்று நாள் லிப்ஸ்டிக் பூசினாலே அதிகம், அதுவும் ஒரு தடவைதான். வருடத்துக்கு 156 முறை. வகுத்துப் பார்த்தால் 31 ஆண்டுக்குப் போதுமான லிப்ஸ்டிக் அந்தச் செய்தித்தாள் மேல் கிடக்கிறது. திறந்த லிப்ஸ்டிக் நன்றாக இருப்பதோ ஓரிரண்டு ஆண்டு.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய விஷயம் முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. நம் தோலும் உதடும் தலைமுடியும் ஒரு வேகத்தில்தான் பொருளைச் செலவழிக்கும். மனசு வேறொரு வேகத்தில் வாங்கும். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில்தான் காசு போய்ச் சேர்கிறது. அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கப் பழகுவதைத்தான் கவனத்தோடு செலவழிப்பது என்கிறோம்.

கஞ்சத்தனம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். அலங்காரம் வீண் என்று சொல்வதும் என் வேலையில்லை. நல்ல வாசனை சோப்பும், கைக்கு அடக்கமான ஒரு காஜல் பென்சிலும் தரும் சந்தோஷம் நிஜமானது. அதற்குச் செலவழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் வேண்டுமானால், பிரிக்காமலே காலாவதியான டப்பாவைப் பார்த்து வரட்டும்.

முதலில் அளவு

விலையைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறோம். அளவைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஒரு பொருள் உங்கள் கையில் எத்தனை நாள் வரும் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முகத்துக்குப் போடும் சீரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 மில்லி பாட்டில். ஒரு மில்லிக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று வைத்தால் மொத்தம் 600 சொட்டு. இரவில் ஐந்து சொட்டு போட்டால் 120 நாள், அதாவது நான்கு மாதம். வருடத்துக்கு மூன்று பாட்டில் போதும். இப்போது உங்கள் அலமாரியில் எத்தனை சீரம் பாட்டில் ஒரே சமயத்தில் திறந்து இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு திறந்திருந்தால், சுற்று வைத்து மாற்றி மாற்றிப் போட்டாலும் தீர 16 மாதம் ஆகும். அதில் ஒன்று வைட்டமின் சி சீரமாக இருந்தால் அது அதுவரை தாங்காது. வைட்டமின் சியின் வழக்கமான வடிவமான அஸ்கார்பிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும். தெளிந்த நீர்போல இருந்தது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் பழுப்பாகிவிடும். என் இழுப்பறையில் ஒரு பாட்டில் அப்படித்தான் கஷாயம்போல நின்றது. விலை அதிகம் என்பதால் 'விசேஷ நாளைக்கு' என்று எடுத்து வைத்த பாட்டில் அது.

விலை உயர்ந்ததைப் பொத்திப் பொத்தி வைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். நகைக்கு அது பொருந்தும். சீரத்துக்குப் பொருந்தாது. அது பூட்டி வைத்தாலும் தேயும் சொத்து.

ஒப்பனைப் பொருட்களின் பின்பக்கம் மூடி திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதற்குள் 6, 12, 24 என்று ஓர் எண், பக்கத்தில் எம் என்ற ஆங்கில எழுத்து. திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருட்களில் அந்தக் குறி இருக்க வேண்டும். அதனால் உலகம் முழுக்க விற்கும் பல டப்பாக்களில் அதைப் பார்க்கலாம். மூடியில் அச்சடித்த காலாவதித் தேதி வேறு, இது வேறு. முதலாவது சீல் உடைக்காத பொருளுக்கு. இரண்டாவது உங்கள் விரல் உள்ளே போன பிறகு. மஸ்காராவுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் மூன்று மாதம்தான். ஈரமான குழாய்க்குள் கண்ணிமையில் பட்ட பிரஷ்ஷைத் தினமும் விட்டு எடுக்கிறோம், கிருமி வளர வேறென்ன வேண்டும்? ஆகவே, ஒரே நேரத்தில் இரண்டு மஸ்காரா திறப்பது என்பது ஒன்றைக் குப்பையில் போடுவதற்கு முன்பணம் கட்டுவது.

எனக்கு உதவிய சின்ன வேலை ஒன்று உண்டு. டப்பாவைத் திறக்கும் நாளில், அதன் அடியில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதிவிடுவேன். அவ்வளவுதான். எப்போது முடிந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு வருடம் எழுதிப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஷாம்பூ எத்தனை வாரம் வருகிறது, முகக் கிரீம் எத்தனை மாதம் வருகிறது என்பது மனப்பாடமாகிவிடும். அதன் பிறகு "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அட்டையைப் பார்க்கும்போது மனசு தானாகவே மாதக்கணக்கில் பேச ஆரம்பிக்கும்.

குறைத்தால் நஷ்டமாகும் ஒரு பொருள்

இந்த அளவுக் கணக்கு எப்போதும் 'குறைத்து வாங்கு' என்று சொல்லாது. சன்ஸ்கிரீனில் அது அப்படியே தலைகீழாகத் திரும்பும்.

சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண்ணை, அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண்ணை, ஆய்வகத்தில் அளக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் அளக்கிறார்கள். முகத்துக்கு மட்டும் பார்த்தால் கால் டீஸ்பூன் அளவுக்கு வரும், ஏறத்தாழ 1.25 மில்லி. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குக் கோடு போட்டு எடுப்பது என்று சொல்வார்களே, அந்த அளவு. அப்படிப் பூசினால் 50 மில்லி குழாய் 40 தடவைக்குத்தான் வரும். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும் என்பதையும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தீரும். உங்கள் குழாய் தினசரிப் பயன்பாட்டில் ஆறு மாதம் வருகிறதா? அப்படியானால் நீங்கள் சிக்கனமாக இல்லை. எஸ்பிஎஃப் 50க்குக் காசு கொடுத்துவிட்டு, அதில் ஒரு சிறு பங்கைத்தான் தோலில் ஏற்றுகிறீர்கள்.

எண்ணைத் துரத்துவதிலும் பெரிய லாபமில்லை. எஸ்பிஎஃப் 30 என்பது சருமத்தைச் சுடும் புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98 சதவீதத்தை. பெரிய எண் போட்ட சின்னக் குழாயைவிட, தாராளமாகப் பூச மனசு வரும் விலையில் கிடைக்கும் பெரிய குழாய் நல்லது. என் கணக்கில், அழகுப் பொருள் பட்ஜெட்டில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும். மிச்சமிருப்பதில்தான் மற்றவை.

கை ஏன் நீள்கிறது

இவ்வளவு கணக்கும் தெரிந்த பிறகும் கை நீளத்தான் செய்கிறது. போன முறை தங்கையோடு கடைக்குப் போனபோது நடந்தது இது.

"அக்கா, இது உன்கிட்ட ஏற்கெனவே இருக்கே."

"அது கொஞ்சம் பிரவுன் அடிக்கும்டி. இது ரோஸ்."

அவள் ஒன்றும் பேசாமல் என் பையிலிருந்து பழைய லிப்ஸ்டிக்கை எடுத்து அவள் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் புதியதால் ஒரு கோடு. இரண்டு கோடும் அக்கா தங்கையைவிட ஒத்துப் போயின.

நமக்குள் நடப்பது என்ன? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் 1990களில் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் ஒரு துப்பு தருகின்றன. ஒரு விளக்கு எரியும், பிறகு குரங்குக்குப் பழச்சாறு கிடைக்கும். ஆரம்பத்தில் பழச்சாறு வாயில் விழும்போது குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. விளக்குக்கும் சாற்றுக்கும் உள்ள தொடர்பு பழகிய பிறகு, விளக்கு எரிந்ததுமே துள்ளின. சாறு வந்தபோது தனியாகத் துள்ளவில்லை. குரங்கிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவுவதில் கவனம் வேண்டும். ஆனாலும் பார்சல் வரப்போகிறது என்ற மூன்று நாள் எதிர்பார்ப்பையும், பிரித்த பிறகு பத்து நிமிடத்தில் வடிந்துபோன உற்சாகத்தையும் நினைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்கு இன்பம் 'வரப்போகிறது' என்பதில் இருக்கிறது. வந்துவிட்டால் அடுத்த 'வரப்போகிறது' தேவைப்படுகிறது.

விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "இன்னும் இரண்டே இருக்கிறது", "இந்தப் பண்டிகைக்கு மட்டும் வரும் நிறம்" என்பதெல்லாம் அந்த விளக்கைப் போடும் வேலை. 1975இல் ஸ்டீஃபன் வோர்ச்செல் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஜாடியில் பத்து பிஸ்கட், இன்னொன்றில் இரண்டு. பிஸ்கட் ஒரே வகைதான். இரண்டே இருந்த ஜாடியிலிருந்து எடுத்துத் தின்றவர்கள் அதை இன்னும் விரும்பத்தக்கது, விலை கூடுதலாக இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ருசி கூடியதாகச் சொல்லவில்லை. பத்து இருந்த ஜாடியை மாற்றிக் கண்ணெதிரே இரண்டாகக் குறைத்தபோது மதிப்பு மேலும் ஏறியது. கடைத் திரையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாடி ஞாபகம் வரும்.

இன்னொரு வலையை நம் ஊர்க் கதை ஒன்று எப்போதோ சொல்லிவிட்டது. சாமியாரின் கோவணத்தை எலி கடித்தது. எலிக்காகப் பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கினார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணமே செய்துகொண்டார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் டெனி டிடெரோவும் 18ஆம் நூற்றாண்டில் இதே அனுபவத்தை எழுதினார். புதிதாகக் கிடைத்த ஓர் அழகிய அங்கிக்கு முன்னால் அறையிலிருந்த மற்றதெல்லாம் பழசாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றி முடித்தாராம். 1988இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் அதற்கு டிடெரோ விளைவு என்றே பெயர் வைத்தார். நான் கோவண விளைவு என்று சொல்லியிருப்பேன்.

அழகுப் பொருளில் இந்தச் சங்கிலி ரொம்ப நீளம். ஃபவுண்டேஷன் வாங்கினால் அதற்குக் கீழே பிரைமர், மேலே பவுடர், பூச ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சைக் கழுவத் தனி சோப்பு, எல்லாவற்றையும் கலைக்க ஒரு கிளென்சிங் ஆயில், அது தோலை இழுத்துப் பிடித்தால் டோனர். ஒரு பொருளின் விலையைப் பார்க்கும்போது அதன் வாலில் என்னென்ன தொங்குகிறது என்றும் கேட்டுவிடுவது நல்லது.

டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

முன்பக்கம் விளம்பரத்துக்கு, பின்பக்கம் தகவலுக்கு. பின்பக்கத்தைப் படிக்க வேதியியல் பட்டம் வேண்டியதில்லை, ஒரு விதி தெரிந்தால் போதும். உட்பொருட்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகப் போடுவார்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அதனால்தான் முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட அபூர்வப் பூவின் சாறு பின்பக்கத்தில் வாசனைப் பொருளுக்கும் பதப்படுத்தும் பொருளுக்கும் பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும். அது இருப்பது பொய்யில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பூவுக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசு எவ்வளவு என்று யோசிக்கலாம்.

இரண்டு மாய்ஸ்சரைசர்களை, ஒன்று விலை குறைந்தது, ஒன்று கூடியது, பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் ஐந்து பெயர்களைப் படித்துப் பாருங்கள். தண்ணீர், கிளிசரின், ஏதாவது ஒரு கொழுப்பு ஆல்கஹால், ஒரு எண்ணெய் அல்லது சிலிக்கோன் என்று அடிக்கடி ஒரே குடும்பமாக இருக்கும். இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. எந்த அளவில், எப்படிக் கலந்தார்கள் என்பதைப் பட்டியல் காட்டாது; பூசும்போது தெரியும் வழவழப்பும் வாசனையும் வேறாக இருக்கலாம். அந்த வித்தியாசம் பிடித்துக் காசு கொடுத்தால் அதுவும் நியாயம்தான். 'என் தோல் மாறிவிடும்' என்று நம்பிக் கொடுத்தால்தான் ஏமாற்றம். ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லி, தோலிலிருந்து ஈரம் ஆவியாகாமல் பிடித்து வைப்பதில் இன்றைக்கும் முன்வரிசையில் நிற்கிறது. அதன் டப்பா பார்க்க அழகாக இருக்காது, வழுவழுவென்று பிசுக்கும். ஆனால் வெடித்த குதிகாலுக்கு அது போதும்.

முன்பக்கச் சொற்களில் சிலவற்றுக்கு எடை மிகக் குறைவு. 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்பு குறைந்தது என்பதை எடுத்துக்கொள்வோம். அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் சோதனை செய்து காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1975இல் விதி கொண்டுவந்தது. இரண்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லாது என்றது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்பூர்வமான வரையறை கிடையாது. தயாரிப்பாளர் என்ன நினைக்கிறாரோ அதுதான் அர்த்தம். உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க நம்பகமான வழி, முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தினமும் இரண்டு வேளை ஏழு முதல் பத்து நாள் பூசிப் பார்ப்பது. சின்னப் பாக்கெட்டோ மாதிரிப் பொட்டலமோ கிடைத்தால் அதற்கு வாங்குங்கள். பெரிய பாட்டில் வாங்கி, மூன்றாம் நாள் முகம் சிவந்து, தூக்கிப் போடுவதற்கு அது தேவலை. (சின்னப் பாக்கெட்டையே நிரந்தரமாக வாங்குவது வேறு விஷயம். மில்லிக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பயணத்துக்கென்று விற்கும் குட்டிப் பாட்டில் பல சமயம் பெரியதைவிட விலை கூடும்.)

டப்பாவின் இளஞ்சிவப்பு நிறத்துக்கும் நாம் விலை கொடுக்கிறோம். நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015இல் ஏறத்தாழ 800 பொருட்களின் விலையை ஒப்பிட்டது. பெண்களுக்கென்று விற்கும் உடல் பராமரிப்புப் பொருட்கள், அதேபோன்ற ஆண்களுக்கான பொருட்களைவிடச் சராசரியாக 13 சதவீதம் கூடுதல் விலையில் இருந்தன. ரேசரும் ஷேவிங் கிரீமும் வாங்கும்போது பக்கத்து வரிசையையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

தோலுக்கு அவசரமில்லை

புதிய கிரீம் வாங்கி ஒரு வாரத்தில் "இது வேலை செய்யவில்லை" என்று அடுத்ததற்குத் தாவுவதுதான், நான் பார்த்த வரையில், அதிகக் காசைத் தின்னும் பழக்கம். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஒரு மாதம் அளவுக்கு எடுக்கும்; வயது கூடக்கூட இன்னும் மெதுவாகும். ஈரப்பதம் தரும் கிரீமின் பலன் உடனே தெரியும், சரி. ஆனால் முகப்பரு, கரும்புள்ளி, சுருக்கம் போன்றவற்றுக்கான பொருட்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்தாக வேண்டும். வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினால் வகைகள் இன்னும் பொறுமை கேட்கும். ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதினால், நல்ல பொருளையும் தூக்கிப் போடுவோம், மோசமானதையும் பாராட்டுவோம்.

இரண்டு மூன்றைச் சேர்த்து ஆரம்பிப்பது அதைவிட மோசம். முகம் எரிந்தால் யார் குற்றவாளி என்று தெரியாது. தெளிந்தால் யாருக்கு மாலை போடுவது என்றும் தெரியாது. அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி என்று வீரியமானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் தோலின் மேல்தடுப்பு சிதைந்து எரிச்சல் வரும். பிறகு அந்த எரிச்சலை ஆற்ற என்று வேறொரு கிரீம் வாங்குவோம். கோவணம், எலி, பூனை.

தொடங்குபவருக்கு அடிப்படை மூன்றுதான்: மென்மையான ஒரு ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்கு ஒரு குறிப்பிட்ட பொருள், ஒரு சமயத்தில் ஒன்று. பரு விடாமல் வந்து தழும்பு விழுகிறது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறது என்றால் ஐந்து கிரீம் வாங்கும் காசைத் தோல் மருத்துவரிடம் கொடுங்கள். அது செலவு மாதிரி தெரியும். பெரும்பாலும் அதுதான் மிச்சம்.

பழகுவது எப்படி

திட்டம் போடும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி எண்ணுங்கள். எதையும் தூக்கிப் போட வேண்டும் என்ற எண்ணத்தோடு உட்கார வேண்டாம், எண்ணினால் போதும். குளியலறை, கைப்பை, அலுவலக மேசை, ஊருக்கு எடுத்துப் போகும் பை எல்லாம் சேர்த்து. வகைவாரியாக ஒரு தாளில்: ஷாம்பூ இத்தனை, கிரீம் இத்தனை, நெயில் பாலிஷ் இத்தனை. கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நிற்கும்போது அந்தப் படம் தங்கையைப்போல வேலை செய்யும்.

அடுத்தது, தீர்ந்த பிறகு வாங்குவது. கேட்க எளிது, செய்யத்தான் பழக்கம் வேண்டும். தினசரிப் பொருளில் அடி தெரிய ஆரம்பிக்கும்போது வாங்கினால் போதும், அதற்கு முன் வேண்டாம். காம்பேக்ட் பவுடரின் அடித்தகடு பளிச்சென்று தெரியும் வரை பூசித் தீர்ப்பதையே ஒரு விளையாட்டாக வைத்து, எதை எவ்வளவு தீர்த்தேன் என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்பவர்கள் உலகெங்கும் உண்டு. 'புராஜெக்ட் பேன்' என்று அதற்குப் பெயர். புதியது வாங்கியதைக் காட்டிப் பெருமைப்படும் உலகத்தில் காலி டப்பாவைக் காட்டிப் பெருமைப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வேண்டும் என்று தோன்றுவதை உடனே வாங்காமல் ஒரு பட்டியலில் தேதியோடு எழுதி வைப்பதும் வேலை செய்யும். முப்பது நாள் என்று நான் வைத்திருக்கிறேன். கார்ட்டில் போட்டு வைப்பதை நான் சொல்லவில்லை, அது கடைக்காரரின் பட்டியல், தினமும் வந்து நினைவூட்டும். காகிதத்திலோ குறிப்புச் செயலியிலோ எழுதுங்கள். எழுதும்போது பெயரோடு நிறுத்தாமல், எங்கே பார்த்தேன், அப்போது என்ன மனநிலை என்றும் ஒரு வரி. என் பட்டியலில் பாதிக்கு மேல் இரவு பதினொரு மணிக்குப் பிறகு எழுதியவை. பக்கத்தில் "தூக்கம் வரவில்லை", "மீட்டிங்கில் திட்டு" என்று இருக்கும். எனக்குத் தேவைப்பட்டது ஹைலைட்டர் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள யாரும் உதவ வேண்டியிருக்கவில்லை. மாதம் முடிந்தும் ஒன்று கண்ணில் நிற்கிறது என்றால், மனசார வாங்கிவிடுங்கள்.

தள்ளுபடி அறிவிப்புச் செய்திகளை நிறுத்துங்கள். கடைச் செயலியில் அட்டை எண்ணைச் சேமிக்காமல் விடுங்கள். எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து வருவதற்குள் பல ஆசைகள் அவிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று சொன்னால், டெலிவரிக் கட்டணத்தையும் கூடுதலாக வாங்கப்போவதன் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீடியோவில் ஒருவர் ஒரு கிரீமைக் கொண்டாடினால், அது கட்டண விளம்பரமா, இணைப்பில் வாங்கினால் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கீழே தேடுங்கள். பல நாடுகளில் அதைத் தெரிவிப்பது சட்டம். தெரிவித்திருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது, ஆனால் அவருக்கும் அந்தக் கிரீமுக்கும் உள்ள உறவு உங்களுக்கும் அதற்கும் உள்ளதைவிட நெருக்கமானது.

பணத்தில் வரம்பு வைப்பது சிலருக்குச் சரிவரும். எனக்கு இடத்தில் வரம்பு வைப்பது சரிவந்தது. ஒரு பெட்டி, லிப்ஸ்டிக்குக்கு ஐந்து இடம். ஆறாவது வர வேண்டுமானால் ஒன்று தீர வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிக் குவித்ததை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காலாவதியானதை, வாடை மாறியதை, திரிந்ததை யோசிக்காமல் விட்டுவிடுங்கள். 'இவ்வளவு காசு கொடுத்தோமே' என்று பூசினால், போன காசு திரும்பாது, கண்ணோ தோலோ கெடும். சீல் பிரிக்காதது இருந்தால் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். ஒத்துக்கொள்ளாத முக மாய்ஸ்சரைசர் காலுக்குப் போகும். ஷாம்பூ பிடிக்கவில்லையா, மேக்கப் பிரஷ் கழுவ உதவும். இப்படிப் பூசித் தீர்க்கும் காலத்தில் அவ்வப்போது சறுக்குவீர்கள். நானும் போன மாதம் சறுக்கினேன்: ஒரு நெயில் பாலிஷ், பச்சை. நல்ல பச்சை. தேதி எழுதிவிட்டேன்.

அந்தப் பதினான்கு லிப்ஸ்டிக்கில் வாடை மாறியவை போக ஏழு தேறின. இரண்டைத் தங்கை எடுத்துக்கொண்டாள், அவற்றில் ஒன்று அந்த பிரவுன் அடிக்கும் ரோஸ். மிச்சம் ஐந்து. அதில் ஒன்றை இந்த வருடம் முழுக்கப் பூசி, குழாய் விளிம்போடு விளிம்பாகத் தேய்த்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு லிப்ஸ்டிக் அந்த இடத்துக்கு வந்து பார்த்ததே இல்லை. தீர்ந்தது என்று குப்பைக்கு எடுத்துப் போனவள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, குழாயின் அடியில், இன்னும் கணிசமாக இருந்தது. இப்போது சின்ன பிரஷ்ஷால் எடுத்துப் பூசிக்கொண்டிருக்கிறேன், ஏழாவது வாரம்.